திருவிருந்தும் வீட்டுப் பந்தியும்

சமயத்தைப் பற்றி எழுதுதல் எளிய செயலன்று. இறையியற் கல்வி பெறாது, இரயில்வே அலுவலகத்தில் பேரேடும் சரக்குச் சீட்டும் எழுதிக் காலங்கழிக்கும் நம்போன்றார்க்கு அஃது இன்னும் அரிது. ஆயினும் இறையியல் என்பது பண்டிதர்க்கு மட்டுமே உரிய பொருளாயின், அதனால் உலகத்தார்க்கு என்ன பயன்? கடவுளைப் பற்றிய கொள்கைகள் நூல்களில் எழுதப்படலாம், கோயில்களில் ஓதப்படலாம். அவற்றை மனிதர் மெய்யாகவே நம்புகின்றனரா என்பது தெரியுமிடம் கிணற்றடியும், அடுக்களையும், பந்தியுமேயாகும்.

நம் காலனியில் இந்துக்களும், கிறிஸ்தவரும், இஸ்லாமியரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றோம். ஒருவர் சமயத்தை மற்றவர் அறிந்துகொள்ளுதல் நட்புக்கு உறுதி தருவது. ஆதலின் இவ்வாண்டு மலரில் கிறிஸ்தவ சமய வரலாற்றிலிருந்து ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதனைப் பின்பற்றிச் சென்று பார்க்க எண்ணினோம். கடவுள் முன்னிலையில் யாவரும் சமம் என்று நம்புகிறவன் யாரோடு அமர்ந்து உண்கிறான் என்பதே அவ்வினா. சிறு வினாவாகத் தோன்றும் இது, அச்சமயத்தின் முதல் தலைமுறையிலிருந்து இன்றுவரை அதனை விட்டு நீங்கவில்லை. இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தர முயன்றவருள் தலையாய ஒருவர், நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டு வேற்று மொழி வழங்கும் நாட்டிற்குக் குடியேறிய தமிழர்.

முதல் வழக்கு

இயேசுபிரான்மீது அக்காலத்துப் பெரியோர் சாட்டிய குற்றங்களுள் ஒன்று, அவர் வரி வசூலிப்போரோடும் பாவிகளெனத் தள்ளப்பட்டோரோடும் அமர்ந்து உண்டார் என்பது. அவருடைய சீடர்க்கும் இதே சிக்கல் வந்தது. அந்தியோகியா நகரில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு கலந்து உண்டு வந்தார். யெருசலேமிலிருந்து ஆசாரம் மிக்க சிலர் வந்தவுடன் அஞ்சிப் பந்தியை விட்டு ஒதுங்கினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். இச்செய்தியைப் பவுலே கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் கூறியுள்ளார்.

கொரிந்து நகரத்துச் சபையில் வேறுவகைக் குறை இருந்தது. அங்கே திருவிருந்தோடு பொது உணவும் நடைபெற்று வந்தது. செல்வர் முன்னதாகவே உண்டு நிறைந்தனர். ஏழைகள் பசியோடு நின்றனர். இவ்வாறு உண்பது ஆண்டவரின் பந்தியே ஆகாது என்று பவுல் இடித்துரைத்தார். ஆக, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தின் பொருள், அதனை அடுத்து நிகழும் சாதாரண உணவால் அளக்கப்படும் என்னும் கருத்து கிறிஸ்தவத்தில் பின்னாளில் நுழைந்ததன்று, தொடக்கத்திலேயே இருந்தது.

தரங்கம்பாடி முதல் தஞ்சை வரை

இவ்வினா தமிழகம் வந்தபொழுது புதிய உருவம் கொண்டது. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் கரையிறங்கினர். தமிழ் கற்று, அச்சகம் நிறுவி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய சீகன்பால்கு ஐயரின் தொண்டினைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர். 1718இல் அவர் காலத்தில் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இன்றும் அவ்வூரில் நிற்கின்றது. ஆயினும் அக்காலத்துச் சபைகளில் உயர்ந்தோர் எனப்பட்ட சாதியாரும் தாழ்ந்தோர் எனப்பட்ட சாதியாரும் தனித்தனியே அமர்ந்தனர். சில சபைகளில் திருவிருந்துப் பாத்திரமும் வேறு வேறாக இருந்தது. பாத்திரம் ஒன்றாக இருந்தவிடத்து, யார் முந்திப் பருகுவது என்னும் வரிசை இருந்தது.

இதற்குச் சார்பாகப் பேசியோரும் அறிவிலிகள் அல்லர். தஞ்சைச் சரபோசி மன்னரின் நண்பரும், தமிழ்க் கிறிஸ்தவர் இன்றளவும் போற்றும் கவிஞருமான வேதநாயகம் சாஸ்திரியார், புதிதாக வந்த மிஷனரிமார் சாதி வழக்கத்தை வலிந்து மாற்ற முற்பட்டதை எதிர்த்து 1829இல் எழுதினார். சாதி என்பது உலகியல் வழக்கம். உடை, உணவு, தூய்மை முதலியவற்றைப் பற்றியது. ஆன்ம இரட்சிப்பில் அதற்கு இடமில்லையாதலின் அதனை ஒழித்தே தீரவேண்டும் என்பதும் இல்லை. இதுவே அத்தரப்பினர் வாதம். அந்நிய நாட்டார் தம் நாட்டு வழக்கத்தையே வேதம் எனக் கருதி நம்மீது சுமத்துகின்றனர் என்னும் மனக்குறையும் அதனுள் அடங்கியிருந்தது. அக்குறை முற்றும் பொய்யென்று கூற இயலாது.

மறுதரப்பினர் இதனை ஏற்கவில்லை. கல்கத்தா அத்தியட்சராயிருந்த டேனியல் வில்சன் 1833இல் விடுத்த சுற்று மடலில், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனார் 1847இல் ஒரு சோதனை வைத்தனர். உபதேசியார்கள் எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே அது. நற்செய்தியை ஊரூராகக் கூறி வந்த உபதேசியார்களிற் பலர், வேலையை இழக்கவும் துணிந்தனரேயன்றி அப்பந்தியில் அமரத் துணியவில்லை. அவர்களுடைய விசுவாசம் பொய்யென்று நாம் கருதவில்லை. வாயால் அறிக்கையிட்டதை வயிறு ஏற்க மறுத்தது. மனிதனின் மனம் மாறுவதற்கு முன் அவன் நா மாறிவிடுகிறது. நாவுக்குப் பின், மிகத் தாமதமாகவே அவன் இலை மாறுகிறது.

நம் எல்லாருடைய வினா

இது கிறிஸ்தவர் வீட்டுக் குறை மட்டுமே என்று மற்றையோர் மகிழ்வதற்கு இடமில்லை. 1867இல் வடலூரில் இராமலிங்க அடிகள் தருமசாலையை நிறுவி, சாதி சமயம் நோக்காது யாவர்க்கும் உணவளிக்கச் செய்தது இந்நோய்க்கு மருந்தாகவே. எனினும் அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும், நாட்டு விடுதலைக்கு உழைத்த வ. வே. சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில், பிராமண மாணவர்க்குத் தனியிடத்தில் உணவு அளித்தமையால் எழுந்த பூசல் தமிழ்நாட்டு அரசியலையே திசை திருப்பிற்று.

நம் இரயில்வேயும் இதற்கு விலக்கன்று. இரயில் வண்டி வந்தபொழுது சாதி ஒழிந்தது எனப் பலர் எண்ணினர். ஒரே பலகையில் எல்லாரையும் அது உட்கார வைத்தது உண்மையே. ஒரே குவளையில் பருகுமாறு செய்யவில்லை. நிலையங்களில் இந்துக்களுக்குத் தனித் தண்ணீர், முஸ்லிம்களுக்குத் தனித் தண்ணீர் என வைத்திருந்த காலம் ஒன்றிருந்தது. தமிழ்நாட்டு இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் மற்றையோர்க்கும் இருந்த தனித்தனி இடங்கள், நீண்ட கிளர்ச்சிக்குப் பின் 1941இல்தான் நீங்கின. ஆகவே இனி நாம் கூறப்போகும் வரலாற்றினை, பிறர் சமயத்துக் கதையாக அன்றி, நம் பொதுக் கதையின் ஒரு பகுதியாகவே அன்பர்கள் கொள்ள வேண்டுகிறோம்.

வெள்ளாளன்விளைச் சிறுவர்

திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், இந்து சமயத்திலிருந்து கிறிஸ்தவரானவர். அவ்வூர்ச் சபையின் குருவாயிருந்தார். குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் அச்சமூகத்தார்க்குக் கோயிற்கதவுகள் அடைபட்டிருந்தமை வரலாறு அறிந்த செய்தி. இழிவு என்பது யாது என்பதை ஏட்டில் படித்து அறியவேண்டிய தேவை அக்குடும்பத்துக்கு இல்லை.

தந்தையை இளமையிலேயே இழந்த அசரியாவை அன்னையார் எல்லன் அம்மையார் வளர்த்தார். மெய்ஞ்ஞானபுரத்தில் பள்ளிக் கல்வி, பின்னர்த் திருநெல்வேலி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. மாணவப் பருவத்திலேயே கிறிஸ்தவ மாணவர்க்குள் நிலவிய சாதிப் பிரிவினையை நீக்குதற்கு நண்பரோடு சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார் என்பர். கல்லூரியைப் பட்டம் பெறாமலே விட்டார். பின்னாளில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தது என்பதை, பட்டம் பெறாத நாம் சிறிது மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். 1898இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்டிருள் முதன்முதல் கல்லூரிக் கல்வி பயின்ற சிலருள் அவ்வம்மையாரும் ஒருவர்.

1895 முதல் 1909 வரை அசரியா கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடெங்கும் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபொழுது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் பிறர் பொருளை எதிர்பாராது, தம் பொருளிலேயே ஊழியரைப் பிற நாடுகளுக்கு அனுப்பி வந்ததைக் கண்டார். வெளிநாட்டார் உதவியை இரண்டு நூற்றாண்டுகளாகப் பெற்றுவந்த தமிழகத்துச் சபை பிறர்க்கு எதனைக் கொடுத்தது என்னும் எண்ணம் அவரை வருத்தியது. மறு ஆண்டே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியர் ஊழியம், இந்தியர் பணம், இந்தியர் நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்துச் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் அமைந்தபொழுதும் அவரே முன்னின்றார்.

தோர்ணக்கல் சந்திப்பு

சென்னையிலிருந்து வடக்கே வரும் வண்டிகள் விஜயவாடாவைத் தாண்டிக் காஜிப்பேட்டையை நோக்கி ஓடும் வழியில் தோர்ணக்கல் என்னும் சந்திப்பு நிலையம் உள்ளது. நிலக்கரிச் சுரங்கங்கள் உள்ள பக்கத்திற்குக் கிளைப்பாதை அங்கே பிரிகின்றது. அக்காலத்தில் அது நைசாம் அரசின்கீழ் இருந்தது. இன்று தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தில் உள்ளது. ஊருக்குப் போய்த் திரும்பும் நம் காலனி அன்பர் பலர், அந்நிலையத்தை உறக்கத்திலேயே கடந்திருப்பர்.

திருநெல்வேலிச் சபையார் தம் பணிக்குத் தேர்ந்தெடுத்த இடம் அதுவே. பிறரை அனுப்பிய சங்கத்தின் செயலாளர் தாம் மட்டும் ஊரில் இருத்தல் முறையோ என்னும் வினா அசரியாவின் மனத்தில் எழுந்தது. 1909இல், தம் 35ஆம் வயதில், குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்தோடு தோர்ணக்கல் சென்றார். தெலுங்கு கற்றார். அங்கே தமிழ்ச் சபை ஒன்றை அவர் நிறுவவில்லை. தெலுங்கு மக்களின் பாட்டிலும், கதையிலும், விழாவிலும் வேரூன்றிய சபையையே வளர்த்தார். வெளியூரில் வாழும் நாம் இதனை ஊன்றி நோக்குதல் தகும்.

நாற்காலியும் தேநீரும்

மறு ஆண்டு சூன் திங்களில் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. பேராளர் ஏறத்தாழ 1,200 பேர். அவர்களுள் ஆசிய நாட்டார் இருபதின்மருக்கும் குறைவு. அந்த அவையில் அசரியா பேசினார். வெளிநாட்டு ஊழியர்க்கும் இந்நாட்டு ஊழியர்க்கும் உள்ள உறவு நண்பர் உறவாக இல்லை, எசமானர்–பணியாளர் உறவாகவே இருக்கிறது என்று வெளிப்படையாகக் கூறினார். ஆண்டுக்கணக்காக உடன் உழைத்தும் வீட்டிற்குள் விருந்தினராக அழைக்கப்படாத நிலையை எடுத்துரைத்தார். கைகுலுக்கலையும், நாற்காலியையும், விருந்தையும், தேநீரையும் அவற்றின் பொருட்டே தாம் கேட்கவில்லை. நட்பின் அடையாளமாக வருமாயின் அவை யாவும் வேண்டும், அவற்றினும் மிகுதியாகவும் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மேலை நாட்டார் செய்த தியாகங்களை நன்றியோடு போற்றிவிட்டு, இறுதியில் அவர் கேட்டது நண்பர்களையே.

அவையில் சிலர் முகம் சுளித்தனர், பலர் வாயடைத்திருந்தனர். ஆயின், தமிழ் உபதேசியார்களைப் பந்தியால் சோதித்த வெள்ளையரை, தமிழர் ஒருவர் அதே பந்தியால் சோதித்த நாள் அது. நீதி இருபுறமும் ஒக்கும் என்பது அன்று விளங்கிற்று.

சென்னை அத்தியட்சர் ஹென்றி வொயிட்ஹெட் அவருடைய மெய்யான நண்பராயிருந்தார். ஓர் இந்தியர்கீழ் ஆங்கிலேயக் குருமார் எவ்வாறு பணியாற்றுவது என்று தயங்கியோரை மீறி, 1912ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 29ஆம் நாள் கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அசரியா தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவி எய்திய முதல் இந்தியர் அவரே.

மாலாவும் மாதிகாவும்

தோர்ணக்கல் மண்டலத்துச் சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் இரு சமூகத்து ஏழை உழவரும் தோல் தொழிலாளரும் ஆவர். ஊரார் இவ்விருவரையும் தீண்டாதோர் எனத் தள்ளினர். இவ்விருவருமோ ஒருவரையொருவர் தள்ளினர். ஒருவர் கிணற்றில் ஒருவர் நீர் மொள்ளார். ஒருவர் வீட்டில் ஒருவர் உண்ணார். அடித்தளத்திலும் அடித்தளம் உண்டு என்பதே சாதியின் கொடுமை.

இம்மக்களிற் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவில்லை. கர்த்தருடைய செபத்தையும், பத்துக் கட்டளைகளையும், விசுவாச அறிக்கையையும் வாய்மொழியாகவே கற்றனர். செத்த மாட்டை உண்ணும் வழக்கத்தையும் குடியையும் கைவிட்டனர். திருமுழுக்குப் பெற்றவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறர்க்குக் கூறும் கடமையை ஏற்று உறுதிமொழி கூறுமாறு அத்தியட்சர் செய்வார். நேற்றுவரை ஒரு சொல் பேசவும் உரிமையற்று ஊர் எல்லையில் நின்றவன், இன்று செய்தி சொல்லும் பொறுப்புடையவன் ஆனான். அவர்களிலிருந்தே உபதேசியாரும் குருமாரும் எழுந்தனர். 1930களில் இம்மாற்றத்தைக் கண்ணால் கண்ட நிலமுடைய சாதியாரிற் பலரும் சபையை நாடினர். அம்மண்டலத்துக் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைக் கடந்தது.

1930களின் நடுவில் காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் இடையே ஆழ்ந்த கருத்து வேற்றுமை உண்டாயிற்று. ஏழை மக்கள் கூட்டமாக மதம் மாறுவது ஆன்ம விசாரணையால் நிகழ்வதாகாது; கல்வியற்றோர் சமயங்களை ஒப்புநோக்கித் தேர்தல் இயலாது; உதவியைக் கருதியே மாறுகின்றனர் என்று அடிகள் ஐயுற்றார். தீண்டாமை என்னும் பாவத்தை இந்து சமயத்தார் தாமே கழுவவேண்டும் என்னும் தவிப்பு அவருடைய ஐயத்தின் உள்ளே இருந்தது. அசரியாவோ, கடவுளை நாடும் உரிமையும் தேர்ந்தெடுக்கும் அறிவும் ஏழைக்கும் உண்டு என்றார். இருவரும் நாட்டுப்பற்று மிக்கவர். இருவரும் தீண்டாமையை வெறுத்தவர். இவர்களுள் யார் பக்கம் நிற்பது என்பதை அன்பர்கள் தத்தம் மனச்சான்றின்படி தீர்மானித்துக்கொள்ளலாம். நம் கருத்து ஒன்றே. வேதாந்தம் கற்றவன் மட்டும் ஐயுறலாம், ஏழைக்கு ஐயுறவும் நம்பவும் உரிமையில்லை என்பது சரியன்று. தன்னைத் தொடாத கையினின்று வரும் பிரசாதத்தின்மீது ஐயங்கொள்வதற்குப் பெருங்கல்வி எதற்கு? அஃது எழுத்தறியாதவனும் தன் இலையைப் பார்த்தே எழுப்பத்தக்க இறையியல் வினா.

குருமாரின் பந்தி

இனி, குருமார் தம்முள் எவ்வாறு உண்டனர் என்று பார்ப்போம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தோன்றிய சபைப் பிரிவுகள் யாவும் தென்னாட்டில் வந்து குடியேறியிருந்தன. ஒரு மாவட்டத்தார் ஆங்கிலிக்கர்; அடுத்த மாவட்டத்தார் காங்கிரிகேஷனல் சபையார்; அதற்கப்பால் மெதடிஸ்டுகள். மிஷனார் தத்தமக்குள் எல்லை வகுத்துக்கொண்டதால், எந்த ஊரில் பிறந்தான் என்பதே ஒருவன் எச்சபையான் என்பதைத் தீர்மானித்தது. அத்தியட்சரின் கை வழியே வழிவழியாகப் பட்டம் பெற்ற குருவே திருவிருந்து நடத்தத் தகுதியுடையவர் என ஆங்கிலிக்கர் கருதினர். ஏனைய சபைகளில் அத்தியட்சர் இல்லை. ஆதலின் ஒரே வேதத்தை வாசித்த கிறிஸ்தவர், ஒரு சபையார் நடத்தும் திருவிருந்தில் மற்றொரு சபையார் கலந்துகொள்ளாமல் ஒதுங்கினர். சாதிப் பந்தியைக் கண்டித்தவர்க்கே தனிப்பந்தி இருந்தது.

1919ஆம் ஆண்டு மே மாதம், சீகன்பால்கு ஐயர் கரையிறங்கிய அதே தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியரான குருமார் சிலர் கூடினர். அசரியாவும் தென்னிந்திய ஐக்கிய சபையைச் சேர்ந்த சந்தியாகு ஐயரும் முன்னின்றனர். நம் பிரிவுகள் நம்மால் உண்டானவையல்ல, பிறர் நம்மீது ஏற்றியவை; இனி ஒன்றாவோம் என்று அறிக்கை விடுத்தனர். 1927இல் சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் கூடிய மாநாட்டில், மேலை நாடுகளில் பிரிவினை ஒரு பலவீனமாக இருக்கலாம். எம்மவரிடையே அது பாவமும் இடறலும் ஆகும் என்னும் கருத்துப்பட அசரியா பேசினார். பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. தோர்ணக்கலில் குவிமாடமும் மண்டபத் தூண்களும், தாமரை மேல் எழும் சிலுவையும் பொருந்த, இந்நாட்டுக் கோயிற்கலைகளைத் தழுவிய பேராலயத்தை 1939 சனவரி 6ஆம் நாள் அர்ப்பணம் செய்து பார்க்கும் பேறு அவருக்குக் கிட்டியது; சபைகளின் ஒற்றுமையைக் காணும் பேறு கிட்டவில்லை. 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கரும், மெதடிஸ்டுகளும், தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒரே பந்தியினராயினர். நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களே கடந்திருந்தன.

1950ஆம் ஆண்டு

இவ்வரலாற்றில் 1950ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. அவ்வாண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அவ்வாண்டிலேயே தென்னிந்தியத் திருச்சபையின் புதிய திருவிருந்து வழிபாட்டு முறை வெளிவந்தது. அதில், கேரளத்துச் சிரியன் சபைகளின் பழைய மரபைத் தழுவி, சமாதானம் வழங்கும் ஒரு சடங்கு சேர்க்கப்பட்டது. பீடத்தினின்று தொடங்கி, ஒருவர் தம் கைகளால் அடுத்தவர் கைகளைப் பற்றி, வரிசை வரிசையாகச் சமாதானத்தைக் கடத்துவர். தொடுதலே தீட்டு என்றிருந்த நாட்டில், தொட்டாலன்றி வழிபாடு நிறைவேறாது என்று விதி செய்ததன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாண்டிலேயே பிறந்த இன்னோர் ஆணையும் உண்டு. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியார் ஆணை, இந்துக்கள் அல்லாதாரைப் பொதுவாக அப்பட்டியலினின்று விலக்கியது. சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. சேர்க்கக்கூடாது என்பார் கூறும் காரணங்களுள் ஒன்று, கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்பது. கொள்கையளவில் அது மெய்; ஆயின் தனிக் கல்லறைகள் உள்ள ஊர்களையும், சாதி பார்த்தே பெண் கொடுக்கும் குடும்பங்களையும், சாதிக் கணக்கில் நடக்கும் சபைத் தேர்தல்களையும் கண்டவர் அதனை எங்ஙனம் ஒப்புவர்? தலித் கிறிஸ்தவர் இவ்வாறு இருபுறமும் இழந்தனர். இவ்விவகாரத்தை ஆராய ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

அசரியாவின் வேலை முடிந்துவிடவில்லை என்பதை அவர் சமயத்தாரே நன்கறிவர். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு ஐயர், ‘பரட்டை’ என்னும் பெயரில் நாட்டுப்புற மெட்டில் பாடல்கள் இயற்றியவர். அவர் கற்பித்த இறையியலின் நடுநாயகமான சொல் ‘ஓர் உலை’ என்பது. எல்லாரும் கொண்டுவந்த அரிசியை ஒரே உலையில் இட்டு, ஒன்றாக உண்பதே திருவிருந்தின் பொருள் என்று அவர் விளக்கினார். இரண்டாயிரம் ஆண்டு இறையியலை நம் வீட்டுப் பெண்டிர் நாள்தோறும் வாயில் வழங்கும் சொல்லில் அடக்கியதற்கு ஒப்பானது வேறில்லை எனலாம்.

திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் ‘அசனம்’ என்றொரு வழக்கம் உண்டு. ஆலயத் திருவிழாவில் பெரிய அண்டாக்களில் சோறும் கறிக்குழம்பும் ஆக்கி, ஊரார் அனைவரும் அமர்ந்து உண்பர். இந்து நண்பர்களும் வந்து உண்பர். அங்கே இறையியல் பேசுவார் யாருமில்லை. இலை போடுவாரும் குழம்பு ஊற்றுவாருமே உளர். எனினும் அந்தியோகியாவில் பேதுரு எழுந்து ஒதுங்கிய இடத்தில், அவ்வூரார் அமர்ந்திருக்கின்றனர். யாரும் எழாதவரையில் அங்கே விசுவாசம் இருக்கிறது என்பதே நம் துணிபு.

ஐயம் என்பது நம்பிக்கைக்குப் பகை என்று பலர் கருதுகின்றனர். நாம் கண்ட வரலாறு அவ்வாறு காட்டவில்லை. ‘நீர் கூறும் கடவுள் மெய்யாயின், நீர் ஏன் என் வீட்டில் உண்ணவில்லை?’ என்று ஐயுற்றவர்களாலேயே அச்சமயம் தன் கொள்கைக்கு மீண்டும் மீண்டும் திரும்பிவர நேர்ந்தது. அவ்வாறு கேட்பவனை நாத்திகன் என்று விரட்டுவதைவிட, அவனுக்கு ஓர் இலை போடுவதே தக்க மறுமொழி.

ஆண்டு விழாவில் நம் சங்கத்தாரும் ஒரே பந்தியில் அமர்கின்றோம். வெளியூர் வாழ்க்கை நமக்குத் தந்த நன்மைகளுள் இது பெரிது. ஊரில் ஒருவர் வாசலை ஒருவர் மிதியாதார், இங்கே ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் சோறூட்டுகின்றனர். ஆனால் விடுமுறைக்கு ஊர் சென்று இறங்கியதும் பழைய வரிசையில் போய் அமர்ந்துகொள்வோமாயின், இங்கே நாம் உண்டது விருந்தாகாது. தேவைக்கு உண்ட உணவே ஆகும். நம் பிள்ளைகள் நம் சொற்களைக் கேட்பதைவிட நம் இலைகளைக் கூர்ந்து நோக்குகின்றனர். எந்தச் சமயத்தவராயினும் அவர்களுக்கு நாம் கற்பிக்கும் முதல் இறையியல் அதுவே.